நண்பர் குழுவுக்கு ஒரே வேக்போர்டு போதுமா? தொடக்கநிலைத் தொகுப்பு ஒன்றின் மதிப்புரை

படகு இழுக்கும் கயிற்றின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரே பலகைமேல் நின்று நீரில் சறுக்கும் விளையாட்டு வேக்போர்டிங். வார இறுதியில் நண்பர்களோடு அதைப் பழகத் தொடங்குபவர்கள் சொந்தமாக வாங்கும் முதல் பொருள், பெரும்பாலும் தொகுப்பாகக் கிடைக்கும் தொடக்கநிலைப் பலகையாகவே இருக்கும். 140 செ.மீ.க்குச் சற்று முன்பின்னான நீளமுள்ள பலகை, அதன் அடியில் கழற்றி மாட்டக்கூடிய ஃபின்கள் (துடுப்புபோன்ற சிறு தகடுகள்), மேலே காலைப் பலகையோடு பிணைக்க முன்பக்கம் திறந்த ஒரு ஜோடி பைண்டிங் என்பதே அதன் வழக்கமான அமைப்பு. பல நிறுவனங்கள் இதே அமைப்பைத் தத்தம் பெயரில் விற்கின்றன. பலகையின் மேலிருக்கும் ஓவியம் மாறுகிற அளவுக்கு உள்ளிருக்கும் சரக்கு மாறுவதில்லை. எனவே, எங்கள் குழு கூட்டாக வாங்கிப் பயன்படுத்திவரும் தொகுப்பை முன்வைத்து, இந்த வகை முழுவதையும் மதிப்பிட முயல்கிறேன்.

ஒருவர் தனக்கென்று வாங்கும் பலகையை, அது படகு எழுப்பும் அலையிலிருந்து எவ்வளவு உயரம் எழும்புகிறது, எவ்வளவு கூர்மையாகத் திரும்புகிறது என்று அளப்பது நியாயம். குழுவாக வாங்கும் பலகைக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்கு அது எவ்வளவு எளிதாகவும் பத்திரமாகவும் மாறுகிறது என்பதே இங்கே முதல் கேள்வி. படகின் பின்னால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் செல்ல முடியும். புதிதாகப் பழகுபவருக்குப் பத்துப் பதினைந்து நிமிடங்களிலேயே முன்கை தளர்ந்துவிடும். கைப்பிடியைப் பற்றியிருக்கும் விரல்கள் தாமாகவே விரியத் தொடங்கினால் அவருடைய முறை முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். அந்த இடத்தில் அடுத்தவர் காலை நுழைக்கவே அதில் பாதி நேரம் எடுத்துக்கொண்டால், ஐந்தாறு பேர் உள்ள குழுவில் கடைசி ஆளுக்கு முறை வருவதற்குள் வெயில் சாய்ந்துவிடும்.

இந்தக் காரணத்தால், தொகுப்பில் பலகையைவிட பைண்டிங்குக்கே நான் அதிக மதிப்பெண் ஒதுக்குகிறேன். விரல்கள் வெளியே தெரியும்படி முன்பக்கம் திறந்த பைண்டிங், ஒரே அளவில் மூன்று நான்கு ஷூ அளவுகளை ஏற்றுக்கொள்ளும். முழுதும் மூடிய பூட் வகை, குறிப்பிட்ட ஒரு பாதத்துக்கு மிக நன்றாகப் பொருந்தும். ஆனால் அதற்கு ஒரு அளவு பெரிய பாதம் உள்ளே போகாது, ஒரு அளவு சிறிய பாதம் உள்ளே ஆடும். எங்கள் தொகுப்பில் வந்தது திறந்த வகை. கட்டுவதற்கு மேலும் கீழுமாக இரண்டு நாடாக்கள், கணுக்காலைச் சுற்றி ஒரு வெல்க்ரோ பட்டை, குதிகாலுக்குப் பின்னால் இழுத்துப் பிடிக்க ஒரு வளையம். குழுவில் மிகச் சிறிய பாதமும் மிகப் பெரிய பாதமும் உடையவர்கள் தவிர மற்ற எல்லோருக்கும் இது பொருந்தியது.

பொருத்தத்தை எப்படிப் பார்ப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலை நுழைத்து நாடாவை இறுக்கிய பின், முழங்காலை முன்னால் மடக்கி உட்காருவதுபோல் சாய வேண்டும். அப்போது குதிகால் அடித்தளத்திலிருந்து மேலே எழும்பினால் பைண்டிங் தளர்வு என்று அர்த்தம். சற்றுத் தளர்வாக இருந்தால் விழும்போது கால் எளிதில் கழன்றுவிடும், அது நல்லதுதானே என்று சிலர் வாதிடுவார்கள். இரண்டு கால்களும் ஒருசேரக் கழன்றால் அந்த வாதம் சரி. ஒரு கால் கழன்று, மறுகால் பலகையோடு சிக்கிக்கொள்ளும்போதுதான் கணுக்காலும் முழங்காலும் முறுக்கிக்கொள்கின்றன. ஆகவே இரண்டு பக்கமும் ஒரே அளவு இறுக்கம் இருப்பது, ஒரு பக்கம் நன்றாக இறுகியிருப்பதைவிட முக்கியம். பகிர்ந்து பயன்படுத்தும்போது முந்தையவர் விட்டுச்சென்ற இறுக்கத்திலேயே அடுத்தவர் இறங்கிவிடுவது வழக்கமாகிவிடும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

பைண்டிங்கின் உட்புறம் நியோபிரீன் என்ற ரப்பர் வகையால் ஆனது; ஈரமான கால் ஈரமான நியோபிரீனுக்குள் லேசில் போகாது. பாதி நுழைந்த நிலையில் குதிகால் மடங்கி நிற்கும், இழுக்க இழுக்க உள்துணி சுருண்டு விரல்களுக்கு அடியில் மடிப்பாகச் சேரும். சிறு பாட்டிலில் நீர்த்த சோப்புக் கரைசல் வைத்துக்கொண்டு குதிகால் பகுதியில் இரண்டு பீய்ச்சு விட்டால், அந்தப் போராட்டம் ஒரே இழுப்பில் முடிந்துவிடும். இதற்கென்றே விற்கப்படும் வழுக்குத் திரவமும் உண்டு. எங்கள் தொகுப்பின் குதிகால் வளையம் வெறும் நாடாத் துணியில், ஒற்றைத் தையலில் இருந்தது. அனைவரும் பிடித்து இழுக்கிற அந்த ஒரே இடம் முதலில் பிய்ந்துபோனதில் வியப்பில்லை. இரட்டைத் தையல் போட்டிருந்தால் தயாரிப்பாளருக்குப் பெரிய செலவு ஆகியிருக்காது.

பைண்டிங்கைப் பலகையோடு இணைப்பவை எம்6 அளவுத் திருகாணிகள். அவற்றின் கீழே பற்கள் வெட்டிய வட்டத் தகடு ஒன்று இருக்கும். அதைச் சுழற்றிப் பாதத்தின் கோணத்தை மாற்றலாம். தனி ஆளாகப் பழகுபவருக்கு முன்கால் 15 அல்லது 18 டிகிரி வெளிநோக்கியும் பின்கால் நேராகவும் இருப்பது வசதி என்பார்கள். குழுவில் இடதுகாலை முன்வைப்பவரும் வலதுகாலை முன்வைப்பவரும் கலந்திருந்தால் அந்த அமைப்பு ஒவ்வொரு முறை மாறும்போதும் ஸ்க்ரூடிரைவரைத் தேட வைக்கும். இரண்டு பாதங்களையும் வெளிநோக்கிச் சமமாக 9 டிகிரியில் நிறுத்திவிட்டால், யாருக்கும் மிகச் சிறந்த நிலையாக இராது. ஆனால் எல்லோருக்கும் ஏற்ற நிலையாக இருக்கும், கருவியையும் தொட வேண்டியதில்லை. திருகாணிகளைக் கையால் மட்டுமே இறுக்க வேண்டும். மின் துளைப்பானால் இறுக்கினால் பலகைக்குள் பதித்துள்ள மரைக்குழி தேய்ந்துவிடும். அதன்பின் அந்தப் பலகையைச் சரிசெய்வது எளிதன்று. பயன்பாட்டின் அதிர்வில் திருகாணி தானே தளர்வதும் உண்டு என்பதால், ஆள் மாறும்போது பைண்டிங்கைக் கையால் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இனி பலகை. அது இவ்வாறு கைமாறக்கூடியதாக இருப்பதற்கே ஒரு வரலாறு உண்டு. 1985-இல் கலிஃபோர்னியாவில் டோனி ஃபின் உருவாக்கிய ‘ஸ்கர்ஃபர்’, அலைச்சறுக்குப் பலகையின் சாயலில் குறுகலாகவும் அதிக மிதப்போடும் இருந்தது. ஆழ்நீரிலிருந்து எழும்போது அதைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடிக்கவே நல்ல உடல்வலு தேவைப்பட்டது. நீர்ச்சறுக்குக் கருவிகள் தயாரித்துவந்த ஹெர்ப் ஓ'பிரையன் 1990-இல் கொண்டுவந்த ‘ஹைப்பர்லைட்’ பலகையில்தான் மிதப்பு குறைக்கப்பட்டு, எடை குறைந்தவரும் தடுமாறாமல் தொடங்க முடிந்தது. 1990-களின் முற்பகுதியில் ஜிம்மி ரெட்மன் இரு முனைகளும் ஒரே வடிவான பலகையை உருவாக்கினார். அதன் பயனாகத்தான் இன்று இடதுகால் முன்வைப்பவர் ஓட்டிய அதே பலகையை, எதையும் மாற்றாமல், வலதுகால் முன்வைப்பவர் எதிர்முனையை முன்னாக்கி ஓட்ட முடிகிறது.

நீளத்தை உயரத்தைப் பார்த்தல்ல, எடையைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுவாக 130 செ.மீ. அளவிலிருந்து 145 செ.மீ. வரை பெரியவர்களுக்கான பலகைகள் கிடைக்கின்றன; ஒவ்வொன்றிலும் எந்த எடைக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் குறித்திருப்பார். எடை வேறுபாடு அதிகமுள்ள குழுவில் சராசரியைக் கணக்கிடுவதைவிட, எடை கூடியவரின் பக்கம் சாய்ந்து முடிவெடுப்பதே சரி என்பது என் கருத்து. சிறிய பலகையில் எடை கூடியவர் நீரைவிட்டு எழவே சிரமப்படுவார், எழுந்தாலும் பலகை தண்ணீருக்குள் ஆழ்ந்து இழுக்கும். பெரிய பலகையில் எடை குறைந்தவருக்கு ஏற்படும் இடர் அதைவிடச் சிறியது: பலகை சற்று மந்தமாகத் திரும்பும், அவ்வளவுதான். எங்களுடையது 140 செ.மீ.; குழுவிலேயே எடை குறைந்த தோழிக்கு அதன் விளிம்பை நீரில் பதித்துத் திருப்புவது இன்றும் கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுந்து நிற்பதில் அவருக்கு ஒரு நாளும் தடை இருந்ததில்லை.

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும் வளைவு இரண்டு வகை. முனையிலிருந்து முனைவரை ஒரே சீராகச் செல்லும் வளைவு, நீரில் வழுவழுப்பாக ஓடி, அலைமேல் ஏறும்போது என்ன செய்யும் என்று முன்கூட்டியே ஊகிக்க இடம் தரும். நடுவில் தட்டையாகவும் இரு முனைகளில் சட்டென்று மேலெழுந்தும் இருக்கும் மூன்று கட்ட வளைவு, அலையின் உச்சியில் ஆளை நேர்மேலே தூக்கி எறியும். இறங்கும்போது முழங்கால் அதை உணரும். தொடக்கநிலைத் தொகுப்புகளில் வருவது பெரும்பாலும் முதல் வகை, அது சரியான தேர்வும்கூட. ஃபின்களைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் அவற்றை மாட்டியே வைத்திருக்கலாம். ஃபின் இல்லாத பலகை சமதளத்தில் பக்கவாட்டில் நழுவும். புதியவருக்கு அதுவே விழக் காரணமாகிவிடும்.

ஆழ்நீரில் தொடங்கும்போது இந்தத் தொகுப்பு நன்றாகவே ஒத்துழைத்தது. முழங்கால்களை மார்போடு சேர்த்து, கைகளை நீட்டி, பலகையைக் கயிற்றுக்குக் குறுக்காக நிறுத்திக்கொண்டு மிதக்க வேண்டும்; படகு நகரத் தொடங்கியதும் நீரின் அழுத்தம் பலகையின் அடிப்பரப்பைத் தாங்கி ஆளை மேலே கொண்டுவரும். கைப்பிடியைத் தன்பக்கம் இழுத்து அவசரமாக எழ முயல்பவர் முகத்தில் தண்ணீர் அறைய முன்னால் கவிழ்வார், அல்லது பின்னால் உட்கார்ந்துவிடுவார். மணிக்கு 25 முதல் 30 கி.மீ. வேகம் பழகுநருக்குப் போதும். பலகை அகலமாகவும் வளைவு சீராகவும் இருப்பதால், அந்த மெதுவான வேகத்திலும் இது நீரின் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது.

தொகுப்போடு இலவசமாகக் கிடைத்த கயிற்றைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. அது இழுத்தால் நீளும் வகை. காற்றடைத்த மிதவைகளை இழுக்க அத்தகைய கயிறு ஏற்றது, வேக்போர்டுக்கு ஏற்றதன்று: விளிம்பைப் பதித்து அலையை நோக்கி வெட்டிச் செல்லும்போது இழுவிசை முழுவதும் கயிற்றின் நீட்சியில் கரைந்துவிடுகிறது, விழும்போது கைப்பிடி படகை நோக்கிச் சுண்டியடிக்கிறது. டைனீமா போன்ற நீளாத இழையால் ஆன கயிற்றைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பகுதி பகுதியாகக் கழற்றிக் குறைக்கக்கூடிய கயிறாக இருந்தால் குழுவுக்கு மிகவும் வசதி. புதியவருக்கு 15 மீட்டர் அளவில் குட்டையாக வைத்தால் படகின் இருபுற அலைகளுக்கு இடையேயுள்ள தூரம் குறைவாக இருக்கும். பழகியவருக்கு 20 மீட்டருக்கு மேல் நீட்டிக்கொள்ளலாம். கைப்பிடியின் முக்கோண வளையத்துக்குள் கையையோ தலையையோ நுழைத்து விளையாடுவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது.

பகிர முடியாதவை இரண்டு உண்டு: பாதுகாப்பு மேலங்கியும் ஹெல்மெட்டும். தொகுப்பின் விலை கட்டுப்படியாகிறதே என்று மகிழ்பவர்கள், இவை ஆளுக்கொன்று வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மேலங்கியில் ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது. மோதலின் அடியைத் தாங்குவதற்காகத் தைக்கப்பட்ட இறுக்கமான அங்கிகள் அணிய இதமாக இருக்கும், அசைவுக்கும் தடையாக இரா. ஆனால் அவற்றுள் பல, மிதவைச் சாதனமாகச் சான்று பெற்றவை அல்ல. ஐ.எஸ்.ஓ. 12402 என்ற பன்னாட்டுத் தர வரையறையில் நீந்தத் தெரிந்தவருக்கான மிதவை உதவி அங்கி என்பது குறைந்தது 50 நியூட்டன் மிதப்புத் தர வேண்டும். படகின் பின்னால் செல்பவர் அங்கியின் உட்புறத்தில் தைத்திருக்கும் அட்டையைப் படித்துவிட்டு வாங்குவதே நல்லது. நீர் விளையாட்டு ஹெல்மெட்டுகளில் இ.என். 1385 என்ற ஐரோப்பியத் தரக் குறி இருக்கிறதா என்று பார்க்கலாம். அது தலையில் ஆடக் கூடாது. தளர்வான ஹெல்மெட்டுக்குள் தண்ணீர் வேகமாகப் புகுந்தால் கழுத்தையே பின்னுக்கு இழுக்கும்.

ஆள் மாறும் நேரத்தைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். வேகமாக மாற வேண்டும் என்ற ஆசை எல்லை மீறும் இடமும் அதுவே. ஒருவர் படகின் பின்தளத்தில் ஏறும்போது எஞ்சினை நியூட்ரலில் வைத்திருப்பது போதாது, முழுவதும் அணைத்துவிட வேண்டும். படகைச் செலுத்தும் சுழலி அங்கே நீருக்குள்தான் இருக்கிறது. அடுத்தவர் பின்தளத்தில் உட்கார்ந்து பைண்டிங்கை மாட்டிக்கொண்டிருக்கையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், வெளியேறும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, நிறமோ மணமோ இல்லாமல் அவரைச் சூழும். படகோட்டி முன்னால் பார்த்து ஓட்ட, பின்னால் இருப்பவரை மட்டும் கவனிக்க இன்னொருவர் வேண்டும். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, தலையைத் தட்டினால் திரும்பிப் போகலாம் என்ற சைகைகளை அவரே படித்துச் சொல்வார். படகில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களும் வீண் இல்லை: எடை கூடக் கூடப் படகு ஆழ்ந்து, அதன் பின்னால் எழும் அலை உயரும். ஆனால் படகின் தகட்டில் குறித்துள்ள அதிகபட்ச எடையை, ஆட்களையும், எடை கூட்டுவதற்காகப் படகில் வைக்கும் நீர் நிரப்பிய பைகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இந்தத் தொகுப்பு அடியோடு பொருந்தாமல் போகும் இடம் கேபிள் பார்க். ஜெர்மானியப் பொறியாளர் புரூனோ ரிக்சன் உருவாக்கி வளர்த்த அந்த முறையில், கோபுரங்களுக்கு மேலே சுற்றிவரும் கம்பிவடம் ஒரே நேரத்தில் பலரை, மணிக்கு 30 கி.மீ.யை ஒட்டிய வேகத்தில் இழுத்துச் செல்கிறது. நண்பர்களுக்கு அதுவே பெரிய ஈர்ப்பு, எல்லோரும் சேர்ந்து நீரில் இருக்கலாம். ஆனால் ஒரே பலகையை வைத்துக்கொண்டு ஒருவர் சுற்ற, மற்றவர்கள் கரையில் காத்திருப்பது அபத்தம். அங்கே ஆளுக்கொரு பலகையை வாடகைக்கு எடுப்பதே அறிவு. மேலும், கேபிள் பார்க்கில் உள்ள சறுக்குத் தடைகள்மேல் ஏற வேண்டுமானால் ஃபின்கள் கூடாது, தேய்மானத்தைத் தாங்கும் தனி அடிப்பரப்பும் வேண்டும். படகுக்கென்று செய்த சாதாரண அடிப்பரப்பு சில உரசல்களிலேயே கீறிப்போகும். இரண்டு கோபுரங்களுக்கு இடையே ஒருவரை மட்டும் முன்னும் பின்னும் இழுக்கும் சிறிய கேபிள் அமைப்பில் மட்டும் பகிர்ந்த பலகை பயன்படும். ஆளின் தடுமாற்றத்தைப் பார்த்து இயக்குபவர் வேகத்தைக் குறைக்க முடியும் என்பதால், புதியவர்களுக்குப் படகைவிட அதையே நான் பரிந்துரைப்பேன்.

பராமரிப்பில் பெரிய சிக்கல் இல்லை. பைண்டிங்கின் நாடாக்களை முழுவதும் தளர்த்தி, உள்பகுதியைக் கழற்ற முடிந்தால் கழற்றி, நிழலில் உலர்த்தினால் போதும். ஈரத்தோடு பைக்குள் அடைத்தால் அடுத்த வாரம் பையைத் திறப்பவர் நட்பையே மறுபரிசீலனை செய்ய நேரிடும். வெயிலில் மூடிய காருக்குள் பலகையை விடக் கூடாது; வெப்பத்தில் மேலுறை உப்பி, உள்ளிருக்கும் நுரைப்பகுதியிலிருந்து பிரியும்.

பலகைக்கும் பைண்டிங்குக்கும் சேர்த்து இந்தத் தொகுப்புக்கு ஐந்தில் நான்கு தருவேன். கயிற்றையும் சேர்த்துக்கொண்டால் மூன்றரை. எடையும் பாத அளவும் ஓரளவு ஒத்த, படகின் பின்னால் செல்லும் நான்கைந்து பேர் கொண்ட குழு இதைத் தயங்காமல் வாங்கலாம். குழுவில் யாராவது ஒருவர் அலையின் மேலிருந்து மறுபுறம் தாண்டத் தொடங்கும் நாளில் மூடிய பூட் வகை பைண்டிங்கைக் கேட்பார். அவர் தனக்கென்று ஒன்றை வாங்கிக்கொள்ளலாம், பழையது மற்றவர்களுக்குத் தொடர்ந்து உதவும். இதே வகையைப் பழையதாக வாங்க நினைப்பவர்கள் பைண்டிங்கைக் கழற்றச் சொல்லி, மரைக்குழிகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்றும், திருகாணி கடைசிவரை வழுக்காமல் இறுகுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மேலுறையை விரலால் தட்டிக்கொண்டே போனால், பிரிந்த இடத்தில் ஓசை மாறும். அப்படி ஓரிடம் தட்டுப்பட்டாலும் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.